பாஸ்பரஸ்: சுரங்கத்தில் பஞ்சம், ஏரியில் வெள்ளம்

கேள்வியைச் சுருக்கித் தந்துவிடுகிறேன். "பாஸ்பேட் பாறை தீர்ந்துகொண்டு வருகிறது, நாளைக்கு உரத்துக்குத் திண்டாட வேண்டியிருக்கும் என்று ஓரிடத்தில் படித்தேன். ஏரிகளில் பாஸ்பரஸ் அளவுமீறிச் சேர்ந்து பாசி மண்டுகிறது என்று இன்னோரிடத்தில் படித்தேன். இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கும்? சுழற்சி என்றால் போனது திரும்பி வரத்தானே வேண்டும்? சாக்கடை விடுவதை நிறுத்தி வருஷக்கணக்கான பிறகும் சில ஏரிகள் ஏன் தெளிவதில்லை?"

இரண்டும் உண்மைதான். சுரங்கத்தில் குறைகிற அதே அணுதான் ஏரியில் போய்ச் சேர்கிறது. குழப்பத்துக்குக் காரணம் 'சுழற்சி' என்ற சொல். கார்பன், நைட்ரஜன், நீர், பாஸ்பரஸ் என்று எல்லாவற்றுக்கும் பாடப்புத்தகத்தில் ஒரே மாதிரி வட்டம் போட்டு அம்புக்குறி வரைந்துவிடுகிறார்கள். பாஸ்பரஸின் வட்டம் ஒருமுறை முழுதாகச் சுற்றிவரக் கோடிக்கணக்கான ஆண்டுகள் ஆகும். நம் ஆயுள் கணக்கில் பார்த்தால் அது மலையிலிருந்து கடலடிக்கு இறங்கும் ஒருவழிப் பாதை. அந்த இறக்கத்தில் அங்கங்கே அதைப் பிடித்து நிறுத்தி, தங்களுக்குள் கைமாற்றி, கொஞ்ச காலம் தக்கவைத்துக்கொள்வதுதான் உயிர்கள் செய்கிற வேலை. அந்தத் தடுப்புகளை நாம் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டோம். மற்றதெல்லாம் இதிலிருந்து தானாகப் புரியும்.

ஏன் ஒருவழிப் பாதை? பாஸ்பரஸுக்கு வாயு வடிவம் என்று சொல்லிக்கொள்ளும்படி ஒன்றில்லை. மண்ணிலிருந்து போன நைட்ரஜனை அவரை இனச் செடிகளின் வேர்முடிச்சில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் காற்றிலிருந்து திரும்பப் பிடித்துத் தந்துவிடும். கார்பனும் காற்றிலேயே இருக்கிறது. பாஸ்பரஸுக்கு அந்த வழி அடைத்துக் கிடக்கிறது. சதுப்புகளில் துளியளவு பாஸ்பீன் வாயு கிளம்புவதுண்டு, கணக்கில் சேர்க்கிற அளவுக்கு இல்லை. தூசியோடு பறக்கலாம், தண்ணீரோடு ஓடலாம், ஏதாவதொரு உயிரின் உடம்பில் ஏறிப் போகலாம். இவ்வளவுதான் அதற்குள்ள வாகனங்கள்.

ஆனால் இது இல்லாமல் உயிர் இல்லை. டி.என்.ஏ. இழையைக் கோத்துப் பிடித்திருப்பது, பாஸ்பரஸ் ஆக்சிஜனோடு சேர்ந்த வடிவமான பாஸ்பேட். செல்லுக்குள் ஆற்றலைச் சுமக்கும் ஏ.டி.பி.யில் மூன்று பாஸ்பேட். செல்லுறையிலும் அதுதான். வளர்ந்த மனித உடம்பில் சுமார் 700 கிராம் பாஸ்பரஸ் இருக்கிறது, அதில் ஏறக்குறைய 85 சதவீதம் எலும்பிலும் பல்லிலும். பாஸ்பேட் மிகக் குறைந்த சர்காசோ கடலில் வாழும் நுண்பாசிகள் சில, செல்லுறையில் பாஸ்பரஸுக்குப் பதில் கந்தகம் உள்ள கொழுப்பை வைத்துச் சமாளித்துக்கொள்கின்றன. கெட்டிக்காரத்தனம்தான். டி.என்.ஏ.வில் அந்த வித்தை பலிக்காது.

பாறையில் பாஸ்பரஸ் பெரும்பாலும் அபடைட் என்ற கனிமமாக இருக்கிறது. மழைநீரில் கரைந்த கார்பன் டை ஆக்சைடும், வேரும் பூஞ்சையும் கசியவிடும் அமிலங்களும் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்து பாஸ்பேட்டை விடுவிக்கின்றன. விடுபட்டது சும்மா கிடப்பதில்லை. அமில மண்ணில் இரும்பும் அலுமினியமும் பிடித்துக்கொள்ளும், சுண்ணாம்பு மண்ணில் கால்சியம் பிடித்துக்கொள்ளும். பி.எச். 6க்கும் 7க்கும் இடைப்பட்ட மண்ணில்தான் அதற்குக் கொஞ்சம் விடுதலை. ஒரு ஹெக்டேர் மேல்மண்ணில் மொத்தமாக 1,000 கிலோ அளவுக்குப் பாஸ்பரஸ் இருக்கலாம். ஆனால் குறிப்பிட்ட ஒரு நேரத்தில் மண்ணீரில் கரைந்து, வேர் உறிஞ்சத் தயாராக நிற்பது 1 கிலோகூடத் தேறாது. கிணறு நிறையத் தண்ணீர் இருந்தும் கையில் இருப்பது ஒரு சிரட்டை என்பதுபோல.

இதை வேரின் பக்கத்திலிருந்து பாருங்கள். நைட்ரேட் மண்ணீரோடு நகர்ந்து தானாக வேரை வந்து சேரும். பாஸ்பேட் அப்படி வராது. தன்னைச் சுற்றி ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்குள் இருப்பதை உறிஞ்சி முடித்ததும் வேரைச் சுற்றி ஒரு வெற்று வளையம் உண்டாகிவிடும். ஒரு விரற்கடை தள்ளி பாஸ்பேட் கிடந்தாலும் அந்தப் பருவத்துக்குள் வந்து சேராது. ஆக, வேர்தான் அதைத் தேடிப் போக வேண்டும். வேர்த்தூவிகள் அதற்காகத்தான். அதுவும் போதாமல் செடி பூஞ்சையோடு கூட்டுச் சேர்கிறது. முடியைவிடப் பலமடங்கு மெல்லிய பூஞ்சை இழைகள் வேரிலிருந்து பல சென்டிமீட்டர் தூரம் படர்ந்து, வேர் நுழைய முடியாத இண்டு இடுக்குகளிலெல்லாம் துழாவிப் பாஸ்பேட்டைக் கொண்டுவந்து தருகின்றன. கூலியாகச் செடி சர்க்கரை கொடுக்கிறது. நிலத்தாவர இனங்களில் சுமார் 80 சதவீதம் இந்தக் கூட்டணியில் இருக்கின்றன. ஸ்காட்லாந்தில் ரைனி என்ற இடத்தில் கிடைத்த 40 கோடி ஆண்டுக்கு முந்தைய தாவரப் புதைபடிவங்களிலேயே இந்தப் பூஞ்சை இருக்கிறது. செடிகள் கரையேறிய நாள் முதலாக பாஸ்பரஸ் தட்டுப்பாடு கூடவே வந்திருக்கிறது என்று இதை நான் புரிந்துகொள்கிறேன்.

பூஞ்சையைச் சேர்க்காமல் தனி வழி கண்ட செடிகளும் உண்டு. வெள்ளை லூபின் செடி பாட்டில் கழுவும் பிரஷ் போன்ற வேர்க்கொத்துகளை விட்டு, அவற்றிலிருந்து சிட்ரிக் அமிலத்தைக் கொட்டி, இரும்பின் பிடியிலிருந்து பாஸ்பேட்டைக் கழற்றி எடுக்கிறது. ஆஸ்திரேலியாவின் மிகப் பழைய, சத்து வடிந்துபோன மண்ணில் வாழும் பாங்க்சியாவும் இந்த வகைதான். பஞ்சத்திலேயே வளர்ந்து பழகியதால் வந்த பாஸ்பரஸை வேண்டாம் என்று சொல்ல அதற்குத் தெரியாது. சாதாரண தோட்ட உரத்தைப் போட்டால் நஞ்சு ஏறிச் செத்துப்போகும்.

உரத்தைப் பற்றிப் பேசும்போது நாம் இதை மணிச்சத்து என்கிறோம். மிகப் பொருத்தமான பெயர். செடி சேர்த்துவைத்ததில் பெரும்பங்கு கடைசியில் மணிக்குத்தான் போகிறது. அங்கே 60 முதல் 80 சதவீதம் வரை பைட்டேட் என்ற பொருளாகப் பூட்டப்பட்டிருக்கும். முளைக்கும்போது விதையே பைட்டேஸ் என்ற நொதியால் பூட்டைத் திறந்துகொள்ளும். ஆடுமாடுகளின் இரைப்பையில் உள்ள நுண்ணுயிர்களும் திறக்கும். கோழிக்கும் பன்றிக்கும் அந்தச் சாமர்த்தியம் போதாது, தின்ற பைட்டேட்டில் பெரும்பகுதி எச்சத்தோடு வெளியேறிவிடும். பண்ணைகளில் தீவனத்தோடு பைட்டேஸ் கலப்பது இதனால்தான். அதைக் கலந்தால் எருவில் போகும் பாஸ்பரஸ் கணிசமாகக் குறைகிறது.

மனிதர் கைபடாத காடு இந்தச் சொத்தை எப்படிக் காக்கிறது என்பது தனி அழகு. இலை பழுத்து விழுவதற்கு முன்னால் அதிலுள்ள பாஸ்பரஸில் ஏறக்குறைய பாதியை மரம் திரும்ப இழுத்துக்கொள்கிறது. மீதி இலையோடு விழுந்து, மட்கி, பூஞ்சை இழை வழியாக மறுபடி வேருக்கே போகிறது. ஓர் அணு இப்படி ஒரே காட்டுக்குள் எத்தனையோ முறை கைமாறும். ஆனாலும் ஒவ்வொரு மழையிலும் கொஞ்சம் கசிகிறது, இன்னும் கொஞ்சம் இரும்போடு இறுகிப்போகிறது. அதன் மொத்தக் கணக்கை ஹவாய் தீவுகளில் கண்ணால் பார்க்கலாம். எரிமலைத் தீவுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிறந்ததால் அங்கே 300 ஆண்டு வயதான மண்ணும் உண்டு, 41 லட்சம் ஆண்டு வயதான மண்ணும் உண்டு. தாய்ப்பாறை ஒன்றே, காட்டிலும் பெரும்பாலும் ஒரே மரவகை. இளம் மண்ணில் நைட்ரஜன் போட்டால் மரம் வளர்கிறது. முதிய மண்ணில் நைட்ரஜனைக் கொட்டினாலும் பயனில்லை, பாஸ்பரஸ் போட்டால்தான் வளர்கிறது. காட்டுக்கு வயதாகும்போது பாஸ்பரஸ் வற்றிப்போகிறது.

அப்படியானால் அந்த முதிய காடு எதை நம்பி உயிர்வாழ்கிறது? ஆசியப் பாலைவனங்களிலிருந்து பல்லாயிரம் கிலோமீட்டர் பறந்துவரும் தூசியை நம்பி! பாறை வறண்டபின் அதன் பாஸ்பரஸுக்கு அதுவே முக்கிய வரவு. அமேசான் கதையும் இதேதான். சாட் நாட்டில் போடேலே என்றொரு பள்ளம், பழங்காலப் பேரேரி ஒன்று வற்றிய தரை. அங்கிருந்தும் சகாராவின் மற்ற பகுதிகளிலிருந்தும் கிளம்பும் தூசி அட்லாண்டிக்கைத் தாண்டிப் போய் ஆண்டுக்குச் சுமார் 22,000 டன் பாஸ்பரஸை அமேசான் படுகையில் இறக்குகிறது என்று செயற்கைக்கோள் அளவீட்டை வைத்து 2015இல் மதிப்பிட்டார்கள். மழையிலும் வெள்ளத்திலும் அந்தக் காடு இழப்பதும் கிட்டத்தட்ட அதே அளவுதான். ஆப்பிரிக்காவில் எரியும் புல்வெளி, காடுகளின் புகைக்கும் இதில் நல்ல பங்குண்டு என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. எப்படியானாலும், உலகின் பெருங்காடு ஒன்றுக்கு ஒரு பாலைவனம் படியளக்கிறது என்பது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

கடலுக்குப் போனது அங்கே மிதவைப்பாசியில் ஏறி, அதைத் தின்பவற்றுக்கு மாறி, செத்தவையோடு ஆழத்துக்கு இறங்குகிறது. சில பத்தாயிரம் ஆண்டுகள் கடல்நீரில் சுற்றியபின் அடிவண்டலில் புதைந்துவிடும். அந்த வண்டல் பாறையாகி, நிலத்தட்டுகள் முட்டி உயர்ந்து மலையானால்தான் மீண்டும் மழை அதன்மேல் படும். கோடிக்கணக்கான ஆண்டுகள் என்று சொன்னது இந்தக் காத்திருப்பைத்தான்.

குறுக்கு வழிகள் சில உண்டு. கடலில் கொழுத்த சால்மன் மீன் முட்டையிட ஆற்றில் எதிரேறி வந்து அங்கேயே சாகிறது. கரடி அதைக் காட்டுக்குள் இழுத்துப்போட்டுத் தின்று மிச்சம் வைக்கிறது. அதோடு கடலின் பாஸ்பரஸ் மலைக்கு ஏறிவிடுகிறது. பெருவின் கடற்கரையில் ஆழ்கடல் நீர் சத்தோடு மேலே பொங்குகிறது, நெத்திலி பெருகுகிறது, நெத்திலியைத் தின்ற பறவைகள் கரையோரத் தீவுகளில் எச்சமிடுகின்றன. மழையே பெய்யாத இடம் என்பதால் கரையாமல் சேர்ந்து, சின்ச்சா தீவுகளில் 30 மீட்டருக்கும் மேல் உயர்ந்து நின்றது. அதுதான் குவானோ.

மனிதன் கதைக்குள் வருவது இங்கேதான். 1840களிலிருந்து ஐரோப்பாவும் அமெரிக்காவும் குவானோவுக்கு அலைந்தன. ஆளில்லாத குவானோத் தீவை அமெரிக்கக் குடிமகன் எவன் கண்டாலும் அதை அமெரிக்காவுக்கு உரியதாக்கிக்கொள்ளலாம் என்று 1856இல் அமெரிக்கா சட்டமே போட்டது. 1864இல் ஸ்பெயின் சின்ச்சா தீவுகளைப் பிடித்துக்கொள்ள, போர் மூண்டது. பறவை எச்சத்துக்கு ஒரு போர். ஆயிரக்கணக்கான ஆண்டுச் சேமிப்பைச் சில பத்தாண்டுகளில் வழித்து எடுத்துவிட்டார்கள்.

இதற்கிடையே இங்கிலாந்தில் ஜான் பென்னட் லாஸ், எலும்பு போன்ற பாஸ்பேட் பொருள்களைக் கந்தக அமிலத்தில் போட்டு, வேருக்கு எளிதில் கிடைக்கும் சூப்பர் பாஸ்பேட்டாக்க 1842இல் காப்புரிமை வாங்கினார். எலும்பைக் கரைக்கும் அமிலம் பாறையையும் கரைக்கும் அல்லவா? அத்தோடு மனிதன் பாறைக்கே போய்விட்டான். மலை உயர்ந்து மழை அரித்து வரவேண்டியதை வெடிவைத்து எடுக்கத் தொடங்கினான். அதன் விலையை நவ்ருவில் பார்க்கலாம். வெறும் 21 சதுர கிலோமீட்டர் பசிபிக் தீவு. 1900களின் தொடக்கத்தில் சுரண்ட ஆரம்பித்து, 1968இல் விடுதலை கிடைத்த பின்னும் தொடர்ந்து, சுமார் 80 சதவீத நிலத்தைத் தோண்டி முடித்தார்கள். மிஞ்சியது பல்வரிசை போல நீட்டிக்கொண்டு நிற்கும் சுண்ணாம்புக்கல் கூர்முனைகள். அங்கே நடக்கவும் முடியாது, நடவும் முடியாது.

பாறையை உரமாக்குவதிலும் கழிவு உண்டு. பாஸ்பாரிக் அமிலத்தில் உள்ள பாஸ்பரஸை ஆக்சைடாகக் கணக்கிட்டால், ஒரு டன்னுக்குச் சுமார் 5 டன் பாஸ்போஜிப்சம் மிஞ்சுகிறது. பாறையோடு வந்த ரேடியம் அதில் தங்கிவிடுவதால் மெல்லிய கதிரியக்கமும் உண்டு, மலைமலையாகக் குவித்துவைக்க வேண்டியதுதான். 2021இல் புளோரிடாவின் பைனி பாயின்ட்டில் அப்படிப்பட்ட குவியலின் மேலிருந்த கழிவுநீர்த் தேக்கம் கசிந்து, சுமார் 81 கோடி லிட்டர் நீரை டாம்பா விரிகுடாவில் விட வேண்டியதாயிற்று.

தீர்ந்துபோகுமா என்ற கேள்விக்கு வருகிறேன். 2030 வாக்கில் உற்பத்தி உச்சத்தைத் தொட்டுச் சரியும் என்று 2009இல் ஒரு கணிப்பு வந்து பெரிய பரபரப்பானது. அடுத்த ஆண்டே மொராக்கோவின் இருப்பு பலமடங்காகத் திருத்தப்பட்டது, அந்த உச்சமும் தள்ளிப்போனது. நாளைக்கே தீர்ந்துவிடும் என்பது மிகை. எனக்குப் பெரிய கவலை வேறு. உலகின் கண்டறியப்பட்ட இருப்பில் சுமார் 70 சதவீதம் மொராக்கோவிலும் அதன் பிடியிலுள்ள மேற்கு சகாராவிலும் இருக்கிறது. 2008இல் பாஸ்பேட் பாறை விலை ஒரே ஆண்டில் எட்டு மடங்குக்கு மேல் ஏறியபோது பாறை எதுவும் தீர்ந்துவிடவில்லை. உலகில் பாறை நிறைய இருந்தும் வாங்க முடியாமல் போகலாம் என்று அப்போது தெரிந்தது. இதைவிட உறுத்துவது இன்னொன்று. தோண்டி எடுக்கும் பாஸ்பரஸில் ஐந்தில் ஒரு பங்குதான் கடைசியில் நாம் உண்ணும் உணவை எட்டுகிறது என்கிறது பரவலாக ஏற்கப்பட்ட ஒரு மதிப்பீடு. மீதி நான்கு பங்கும் வழியில் சிந்துகிறது. சுரங்கத்தில், வயலில், எருக்குழியில், குப்பையில். உண்டதும்கூட நிற்பதில்லை, சாக்கடைக்குப் போகிறது. காட்டில் இலை விழுந்த இடத்திலேயே மட்கியது. நம் வயலில் விளைந்த மணி ஆயிரம் கிலோமீட்டர் தள்ளிப்போய்ச் செலவாகிறது, அதன் மிச்சம் ஓர் ஆற்றில் கலக்கிறது.

சிந்தியது போகும் இடம்தான் ஏரி.

பாஸ்பரஸ் சேர்ந்தால் ஏரியில் பாசி மண்டும் என்பது 1960களில்கூட எல்லோரும் ஒப்புக்கொண்டதாக இல்லை. அன்றைய சலவைத்தூளில் கடினநீரை மென்மையாக்க நிறைய பாஸ்பேட் போட்டார்கள். ஏரிகள் பச்சையாவதற்குக் கார்பன்தான் காரணம், பாஸ்பேட்டைக் குறைத்துப் பயனில்லை என்று அந்தத் தொழில்துறை வாதாடியது. கனடாவின் ஒன்டாரியோவில் ஆய்வுக்கென்றே ஒதுக்கிய ஏரிகள் இருந்தன. அவற்றில் 226ஆம் எண் ஏரி நடுவில் இடுப்புப்போல ஒடுங்கியது. ஏரி ஆய்வாளர் டேவிட் ஷிண்ட்லரும் குழுவினரும் 1973இல் அந்த இடுப்பில் நீர்ப்புகாத் திரையைக் குறுக்கே கட்டினார்கள். ஒரு பாதிக்குக் கார்பனும் நைட்ரஜனும் கொடுத்தார்கள், மறு பாதிக்கு அவற்றோடு பாஸ்பரஸும் கொடுத்தார்கள். சில வாரங்களில் பாஸ்பரஸ் போன பாதி பச்சை பெயின்ட் ஊற்றியதுபோல ஆனது, மற்றது கருநீலமாகவே இருந்தது. வானிலிருந்து எடுத்த அந்த ஒரு படம் பல பக்க அறிக்கைகளைவிட வேகமாகச் சட்டமன்றங்களைப் போய்ச் சேர்ந்தது. பாஸ்பரஸை மட்டும் கட்டுப்படுத்தினால் போதுமா, நைட்ரஜனையும் குறைக்க வேண்டுமா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. கடலோர நீர்களில் நைட்ரஜன் பெரிய ஆள் என்பது உண்மை. நன்னீர் ஏரியில் பாஸ்பரஸை விட்டுவிட்டு நைட்ரஜனை மட்டும் குறைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. நீலப்பச்சைப்பாசிகளில் பல காற்றிலிருந்து நைட்ரஜனை எடுத்துக்கொள்ளும். பாஸ்பரஸைக் காற்றிலிருந்து எடுக்க எந்த உயிராலும் ஆகாது.

ஏன் இவ்வளவு சின்ன அளவு இவ்வளவு பெரிய வேலை செய்கிறது? மிதவைப்பாசியில் சராசரியாக 106 கார்பன் அணுவுக்கு 16 நைட்ரஜன், 1 பாஸ்பரஸ் இருக்கும். கடலியலாளர் ரெட்ஃபீல்டு 1934இல் கவனித்துச் சொன்ன இந்த ஒழுங்கு அவர் பெயராலேயே வழங்குகிறது. இதை வைத்துக் கணக்குப் போட்டால், 1 கிராம் பாஸ்பரஸ் சுமார் 115 கிராம் உலர்ந்த பாசியாகும். அந்தப் பாசி செத்து முழுதாக அழுக ஏறக்குறைய 140 கிராம் ஆக்சிஜன் வேண்டும். வெதுவெதுப்பான நல்ல நீரில் லிட்டருக்கு 8 மில்லிகிராம் ஆக்சிஜன்தான் கரைந்திருக்கும். ஆக, ஒரு கிராம் பாஸ்பரஸ், மற்ற சத்துகள் கூட இருந்தால், 17,500 லிட்டர் நீரின் ஆக்சிஜன் மொத்தத்தையும் தின்றுவிட முடியும். ஓர் ஆள் ஒரு நாளில் வெளியேற்றும் பாஸ்பரஸ் ஏறத்தாழ அந்த ஒரு கிராம்தான். மீன் செத்து மிதப்பதற்கு நஞ்சு எதுவும் கலந்திருக்க வேண்டியதில்லை.

லிட்டருக்கு 30 மைக்ரோகிராமைத் தாண்டினாலே ஏரியைச் சத்து மிகுந்தது என்று வகைப்படுத்துவார்கள். ஒலிம்பிக் நீச்சல் குளம் ஒன்றில் 75 கிராம் கலப்பது போன்ற அளவு. வயலிலிருந்து ஹெக்டேருக்கு 1 கிலோ பாஸ்பரஸ் அடித்துக்கொண்டு போனால் விவசாயிக்கு அது தெரியவே தெரியாது, மண்ணில் இருப்பதில் ஆயிரத்தில் ஒன்று. ஆனால் அந்த 1 கிலோ 3 கோடி லிட்டருக்கும் மேலான ஏரிநீரை அந்த எல்லைக்குக் கொண்டுபோய்விடும். பாஸ்பரஸ் மாசைக் கட்டுப்படுத்துவது கஷ்டமாக இருப்பதற்கு, யாருடைய அலட்சியத்தையும்விட, இந்த இரண்டு அளவுகோலுக்கும் நடுவிலுள்ள தூரமே பெரிய காரணம்.

இனி, சாக்கடையை நிறுத்தியும் தெளியாத ஏரி. சியாட்டிலின் வாஷிங்டன் ஏரி தெளிந்தது. 1963 முதல் 1968 வரை படிப்படியாகக் கழிவுநீரை வேறு பக்கம் திருப்பினார்கள். ஒரு மீட்டருக்குக் கீழே எதுவும் தெரியாத நீர், 1970களின் பிற்பகுதியில் பல மீட்டர் ஆழம் வரை தெரிந்தது. அது ஆழமான ஏரி, தண்ணீரும் சில ஆண்டுகளில் முழுதாக மாறிவிடும். ஆழமற்ற, தேங்கிய ஏரிகளுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. அங்கே பல பத்தாண்டுகளாக வந்தது அடிச்சேற்றில் இரும்போடு ஒட்டி உட்கார்ந்திருக்கிறது. அடியில் ஆக்சிஜன் இருக்கும்வரை இரும்பு துருவின் வடிவில் அதைக் கெட்டியாகப் பிடித்திருக்கும். பாசி அழுகி ஆக்சிஜன் தீர்ந்தவுடன் துரு கரைகிறது, பிடி தளர்கிறது, பாஸ்பேட் மேலே கிளம்புகிறது. அது அடுத்த பாசிக்கு உணவு. அந்தப் பாசி செத்து மறுபடி ஆக்சிஜனைத் தின்கிறது. வெளியிலிருந்து ஒரு துளி வராவிட்டாலும் உள்கடனுக்கு வட்டி கட்டியே ஏரி திவாலாகும். இப்படிப்பட்டவை தெளியப் பெரும்பாலும் 10, 15 ஆண்டுகள் ஆகின்றன, பால்டிக் கடல் போன்ற பெரிய நீர்நிலைக்கு இன்னும் அதிகம். அலுமினிய உப்பைத் தூவிச் சேற்றைப் பூட்டலாம். ஆக்சிஜன் போனாலும் அலுமினியம் பிடியை விடாது. ஆனால் வெளியிலிருந்து வருவதை நிறுத்தாமல் அதைத் தூவுவது ஓட்டைப் படகில் தண்ணீரை இறைப்பதுதான்.

கழிவுநீரில் பாஸ்பரஸைப் பிடிப்பது ஒப்புநோக்க எளிது. எங்கே வருகிறது என்று தெரியும், குழாய் ஒன்று. இரும்பு உப்பைப் போட்டுப் படியவைக்கலாம், அல்லது பாலிபாஸ்பேட்டாக விழுங்கிச் சேர்க்கும் பாக்டீரியாக்களை வளர்த்து அவற்றை வடிகட்டி எடுக்கலாம். சுத்திகரிப்பு ஆலைகளின் குழாய்களை அடைத்துத் தலைவலி கொடுத்த ஸ்ட்ரூவைட் என்ற படிகத்தை இப்போது வேண்டுமென்றே வளர்த்து உரமாக விற்கிறார்கள். சிறுநீரகக் கல்லில் ஒரு வகையும் இதே பொருள்தான். பெரிய ஆலைகள் கழிவுச்சேற்றிலிருந்து பாஸ்பரஸை மீட்டே தீரவேண்டும் என்று ஜெர்மனி 2017இல் விதி போட்டது, 2029 முதல் நடைமுறைக்கு வரவேண்டும். 1669இல் ஹாம்பர்க்கில் ஹென்னிக் பிராண்ட் பாஸ்பரஸை முதன்முதலில் பிரித்தெடுத்ததே சிறுநீரைக் காய்ச்சித்தான் என்பதால் எனக்கு இதில் ஒரு சின்னச் சந்தோஷம்.

கஷ்டம் குழாய் இல்லாத இடத்தில். ஈரி ஏரி அதற்கு நல்ல பாடம். 1960களில் செத்த ஏரி என்று எழுதிவிட்டார்கள். 1972இல் அமெரிக்காவும் கனடாவும் ஒப்பந்தம் செய்து, சலவைத்தூள் பாஸ்பேட்டையும் நகரக் கழிவையும் கட்டுப்படுத்தியதும் 1980களில் தேறியது. 1990களின் நடுவிலிருந்து மறுபடி பச்சை. 2014 ஆகஸ்டில் அதன் கரையிலுள்ள டொலிடோ நகரில் குழாய்நீரில் பாசி நஞ்சான மைக்ரோசிஸ்டின் கலந்து, 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இரண்டு மூன்று நாள் குடிநீரின்றித் தவித்தார்கள். கொதிக்கவைத்தும் குடிக்க முடியாது, கொதித்தால் நஞ்சின் செறிவு கூடத்தான் செய்யும்.

என்ன நடந்தது? அரிப்பைத் தடுக்க அங்கே பல விவசாயிகள் உழாமல் விதைக்கும் முறைக்கு மாறியிருந்தார்கள். மண் அரிப்பு நிஜமாகவே குறைந்தது, மண்துகளோடு ஒட்டிப் போகும் பாஸ்பரஸும் குறைந்தது. ஆனால் மேலே தூவிய உரம் உழவில் கலக்காமல் மேல் இரண்டு விரற்கடை மண்ணிலேயே தங்கியது. வசந்தகாலப் பெருமழை அதைக் கரைத்து, நிலத்தடியில் பதித்த வடிகால் குழாய்கள் வழியே நேராக ஆற்றுக்குக் கொண்டுபோனது. துகளோடு வரும் பாஸ்பரஸில் பெரும்பகுதி பாசிக்கு உடனே கிடைக்காது. கரைந்து வருவது அப்படியே வாய்க்குப் போகும். உழாத முறை தப்பு என்று இதற்குப் பொருளில்லை. உரத்தை விதைக்குப் பக்கத்தில் மண்ணுக்குள் இறக்கினால் இதே முறை நன்றாக வேலை செய்யும்.

அதனால்தான் ஓர் ஆற்றில் பாஸ்பரஸ் குறைந்துவிட்டது என்று யாராவது அறிக்கை நீட்டினால் எனக்கு முதலில் கேட்கத் தோன்றுவது, மொத்த பாஸ்பரஸா, கரைந்த பாஸ்பரஸா என்று. மாதிரியை எடுத்தவுடன் நுண்வடிகட்டியில் வடித்து, மாலிப்டேட்டும் அஸ்கார்பிக் அமிலமும் சேர்த்தால் நீலம் பாயும். அந்த நீலத்தின் ஆழம்தான் கரைந்த பாஸ்பேட்டின் அளவு. வடிக்காமல் அமிலத்தில் காய்ச்சிப் பிறகு அளந்தால் மொத்தம். குடுவை எதில் கழுவியது என்றும் கேளுங்கள். பாஸ்பேட் கலந்த சோப்பில் கழுவியிருந்தால் ஆறு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் நீலம் வரும், நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறவைத்து அலச வேண்டும். வெறும் காய்ச்சி வடித்த நீரை மாதிரிபோல வைத்துப் பார்த்தபோது அதுவும் நீலமாக நின்ற ஒரு நாளில் நான் கற்றுக்கொண்டது இது.